வெள்ளை பூத்த சேறு

போன மாசியில் என் மகன் வீட்டார் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் வடக்கே கழிமுகத்தில் பறவை காட்டினார்கள். இப்போது அங்கே கம்பி வேலி இருக்கிறது. பச்சைப் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். மற்றவர்கள் தூரக்கண்ணாடியை மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்து முடிக்கிற வரைக்கும் நான் பலகை முன்னால் நின்று வாசித்தேன். பறவைகளைப் பிடிக்கக் கூடாது. விரட்டக் கூடாது. சத்தம் போடக் கூடாது. எனக்கு இது புதுச் செய்தி இல்லை. அந்தச் சட்டம் பலகையில் ஏறுவதற்கு ஐம்பது வருஷம் முந்தியே அதை மீறினவள் நான்.

"இறங்கி நடந்து பாருங்க அத்தை. தரை நல்லா காஞ்சு வெள்ளையா இருக்கு" என்று மருமகள் கூப்பிட்டாள்.

"நான் இங்கனயே நிக்கேன்" என்றேன். மூட்டுவலி என்று நினைத்துக்கொண்டாள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்கு முந்தின ஆடியில் என் அக்கா கண்ணை மூடினாள். அவள் இருந்தவரைக்கும் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இனி சொன்னால் வலிக்கப்போவது எனக்கு மட்டும்தான். மெதுவாகத்தான் எழுத வரும். எனக்கும் அவசரம் இல்லை.

அப்போது வெள்ளைக்காரன் சண்டை நடந்துகொண்டிருந்தது. எனக்குப் பதினேழு வயது. மாப்பிள்ளையூரணிக்குக் கிழக்கே உப்பளத்தை ஒட்டின தெருவில், ஓலை வீட்டில் மூன்று பேர் இருந்தோம். அக்கா, அத்தான், நான். அப்பாவும் அம்மாவும் ஒரே கோடையில் பேதியில் போனபிறகு அக்காவோடு ஒட்டிக்கொண்டவள் நான். எங்கள் ஆட்கள் பனங்காட்டிலிருந்து வந்தவர்கள். மாமா, பெரியப்பா என்று எல்லாரும் ஏரலில் கடை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் வீடு மட்டும் உப்பளத்திலேயே நின்றுவிட்டது. ஆனாலும் அத்தான் தெருவில் இறங்கினால் கடைக்காரர் நடையாகத்தான் இருக்கும். யாரிடமும் ஒரு நெருப்புக்குச்சி கேட்க மாட்டார். நானும் அப்படித்தான். பசித்தாலும் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே போகிற ஜாதி. அதைப் பெருமையாக நினைத்துத்தான் வளர்ந்தேன். இன்றைக்கும் அது முழுக்க விட்டபாடில்லை.

கார்த்திகைக் கடைசியில் அக்காவுக்குப் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. ஏழு வருஷம் காத்திருந்து வந்தது. பிறந்த அன்றைக்குத் தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி அழுதான். ஆனால் அக்காவுக்குப் பால் ஊறவில்லை. மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. பாத்தியெல்லாம் மழைத்தண்ணீர் நிற்கும். அந்த வருஷம் அரிசியும் கிடையாது. கார்டுக்குப் போடுகிற அரிசி பாதி குருணை, பாதி கல். பிள்ளை பெற்றவள் கேப்பைக் கூழைக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பால் எங்கேயிருந்து வரும்?

ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து பாலாடையில் ஊற்றிப் பார்த்தோம். குடித்த வேகத்தில் கக்கினான். பக்கத்து வீட்டுக்காரிக்குக் கைப்பிள்ளை இருந்தது. இரண்டு நாள் தன் பிள்ளையோடு சேர்த்து இவனுக்கும் கொடுத்தாள். மூன்றாம் நாள் அவள் மாமியார் வாசலில் வந்து நின்றுகொண்டாள்.

"எம் பேரனுக்கே பத்தாமக் கெடக்கு. ஊராம் பிள்ளைக்கு ஊட்ட இங்கன என்ன மாடா கட்டிப் போட்டிருக்கு?"

அக்கா பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். "செத்தாலும் இனி ஒருத்தி மாரு எம் பிள்ளைக்கு வேண்டாம்" என்றாள். அதை அவள் கோபத்தில் சொன்னாள். நான் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டேன்.

பிரசவம் பார்த்த மருத்துவச்சி ஒருநாள் காலையில் வந்து பிள்ளையைத் தூக்கிப் பார்த்தாள். உச்சிக்குழி உள்ளே வாங்கியிருந்தது. தோலைக் கிள்ளினால் கிள்ளினபடி நின்றது.

"பால் சுறா வாங்கிப் புட்டு அவிச்சுக் குடுங்க. ரெண்டு வேள தின்னா ஊறிரும்" என்றாள்.

"சுறாவுக்கு எங்க போக?" என்றார் அத்தான். "பட்டாளத்துக்காரன் வள்ளத்த தொலவுக்கு விட மாட்டேங்கான். சந்தையில சாள மீனுகூட இல்ல."

"அப்பம் உள்ளான் பிடிச்சு சாறு வச்சுக் குடு. அதுவும் பால எறக்கும். மூணு நாளுக்குள்ள செய்யணும்." பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "நாலாம் நாள் என்னயக் கூப்பிட வேண்டாம்."

உள்ளான் என்பது சேற்றில் குடுகுடுவென்று ஓடித் திரிகிற சின்னப் பறவை. ஒரு கைக்குள் அடங்கும். மற்ற வருஷமென்றால் மழைக்குளத்தில் எல்லாம் மேயும். அந்த வருஷம் ஊரே பசித்துக் கிடந்ததால் கொக்கு, மடையான், உள்ளான் என்று பறந்ததெல்லாம் சட்டிக்குப் போய்விட்டது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் பறவைகள் ஆயிரக்கணக்கில் நின்றன. வடக்கே, குருசடிக்கு அந்தப் பக்கம் இருந்த கழியில்.

அந்தக் கழிக்கரையில் வேதக்காரர்களின் மீன்பிடிக் குப்பம் ஒன்று. முப்பது குடிசை இருக்கும். கழிக்குப் போகிற பாதையில் ஒரு கல் குருசை நட்டு, மேலே சின்னதாக ஓலைக் கூரை போட்டிருந்தார்கள். அதுதான் குருசடி. அதைத் தாண்டினால் கண்ணி வைக்கக் கூடாது, கல் எறியக் கூடாது, நாயைக் கூட்டிப் போகக் கூடாது. விறகு பொறுக்கப் போகிற பெண்கள்கூட உரக்கப் பேச மாட்டார்கள். பக்தி என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அது பிழைப்பு. கழியின் வாய் வருஷத்துக்கு வருஷம் மண் தள்ளி இடம் மாறும். கடலிலிருந்து வருகிற வள்ளத்துக்குப் பறவைதான் அடையாளம். உள்ளான் நின்றால் கணுக்கால் தண்ணீர். பூநாரை நின்றால் முழங்கால் தண்ணீர். ஒன்றும் நிற்காத இடத்தில் வள்ளத்தை விடலாம். பறவையைக் கலைத்துவிட்டால் வழி தெரியாமல் வள்ளம் திட்டில் ஏறிக் கவிழும். அதனால் அந்தக் குப்பத்தில் எவ்வளவு பசி வந்தாலும் பறவைமேல் கை வைக்க மாட்டார்கள். எங்கள் தெருவில் இது எல்லாருக்கும் தெரியும். அத்தானுக்கும் தெரியும்.

ஜட்கா வண்டி நிற்கிற இடத்துக்குப் போய்க் குதிரைவால் மயிர் கொண்டுவந்து, அத்தான் முப்பது கண்ணி முடிந்தார். மறுநாள் மதியம் இரண்டு பேரும் புறப்பட்டோம். அக்காவிடம் டவுனுக்கு மருந்து வாங்கப் போவதாகச் சொன்னோம்.

வழியில் நான் கேட்டேன். "குப்பத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போவமா அத்தான்? பிள்ளைக்குன்னு சொன்னா விட்டுருவாங்க."

"கேட்டு அவன் இல்லன்னு சொன்னா? ரெண்டு குருவிக்காக கடக்கரைக்காரன் கால நான் பிடிக்கணுமா?"

அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

குருசடியில் யாரோ வைத்த மெழுகுவர்த்தி உருகிக் கல்லோடு ஒட்டியிருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் கடந்துபோனேன். அதற்கப்புறம் கண்ணுக்கு எட்டின மட்டும் வெளிதான். ஓரத்தில் உமரிச் செடி. தண்ணீரை ஒட்டிக் கண்டல் புதர்கள். அழுகின முட்டை மாதிரி சேற்றின் வாடை. கடல் வற்றிப் போயிருந்தது. தூரத்தில் பூநாரைகள், வண்ணான் துறையில் காயப்போட்ட செங்கரை வேட்டி மாதிரி நீளமாக நின்றன. அவற்றுக்கு முன்னால் உள்ளான்கள், தரையே நகர்கிற மாதிரி. பசியில் கிடக்கிற ஊரிலிருந்து வந்த எனக்கு அத்தனை உயிர் ஒரே இடத்தில் மேய்வதைப் பார்க்க ஆத்திரமாக இருந்தது.

அத்தான் சேற்று விளிம்பில் குச்சி ஊன்றிக் கண்ணிகளை வரிசையாகக் கட்டினார். நான் சுற்றிப் போய் அந்தப் பக்கத்திலிருந்து, கோழியைக் கூட்டுக்கு ஓட்டுகிற மாதிரி, மெதுவாக நடந்து வரவேண்டும். பறவைகள் பறக்காமல் முன்னால் ஓட வேண்டும். ஓடின. நாலைந்து கண்ணியில் சிக்கித் துடித்தன. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு மாசமாகச் சிரித்ததில்லை.

ஒரு பறவை குச்சியைப் பிடுங்கிக்கொண்டு, இழுத்துக்கொண்டே உள்ளே ஓடியது. கொஞ்ச தூரத்தில் தரை வெள்ளை வெளேரென்று பூத்திருந்த இடத்தில் போய் விழுந்து அடித்துக்கொண்டது. மழை விட்டுப் பதினைந்து நாள் வெயில் அடித்திருந்ததால் சேற்றின்மேல் உப்பு பொருக்குக் கட்டியிருந்தது.

உப்பளத்துக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தரையைக் கண்ணால் எடை போடுவோம். பாத்தி போடும்போது பல நாள் காலால் மிதித்து மிதித்துத் தரையை இறுக்குவோம். கறுப்பாக மினுங்கினால் இன்னும் சேறு. வெள்ளை பூத்தால் கெட்டி, மூட்டையோடு நடக்கலாம். சின்ன வயசிலிருந்தே கால் அப்படித்தான் படித்திருக்கிறது. வேறு யாராவது அந்த இடத்தில் கால் வைக்க யோசித்திருப்பார்கள். அத்தான் கறுப்புச் சேற்றைச் சுற்றிக்கொண்டு, பத்திரமாக, வெள்ளையில் போய்க் கால் வைத்தார்.

நாலு எட்டு தாங்கியது. ஐந்தாவது எட்டில் முழங்கால் வரை போனார். காலைப் பிடுங்கப் பார்த்தார். மற்றக் கால் தொடை வரை போனது. முதலில் அவருக்கே சிரிப்பு வந்தது. "ஏளா, அந்தக் குச்சிய எடு" என்றார். நான் குச்சியோடு போவதற்குள் இடுப்புக்கு வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்து நான் நின்றுவிட்டேன். "வராத. நீ வராத" என்றார். கடல் ஏறுகிற நேரம். அவருக்குப் பின்னால் தண்ணீர் ஓசையில்லாமல், நாக்கு மாதிரி, வெள்ளைத் தரைமேல் நீண்டு வந்துகொண்டிருந்தது.

நான் கத்தினேன். சத்தம் போடக் கூடாத இடத்தில் தொண்டை கிழியக் கத்தினேன். கழியில் நின்ற அத்தனை பறவையும் ஒரே நேரத்தில் எழும்பியது. வெயில் மறைந்தது. அந்தச் சிறகுச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் பறவை மொத்தமாக எழும்பினால் குப்பத்தில் விஷயம் தெரிந்துபோகும். கழிக்குள் ஆள் இறங்கியாச்சு என்று.

வயசான ஒரு ஆளும் இரண்டு பெண்களும் கட்டுமரத்து மரம் ஒன்றையும் கயிற்றையும் இழுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். ஆம்பிளைகள் எல்லாரும் கடலில். அந்தப் பெரியவர் தூரத்திலேயே கத்தத் தொடங்கினார்.

"ஏலே, ஆட்டாத! கால ஆட்டாத! ஆட்ட ஆட்டத் தின்னும்!"

மரத்தைச் சேற்றின்மேல் தள்ளிவிட்டு, பெண்களில் இளையவள் அதன்மேல் குப்புறப் படுத்து, கையால் சேற்றைத் துழாவிக்கொண்டே அத்தானிடம் போனாள். மார்பு முழுக்க மரத்தில் அழுந்தியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு போனாள். சேறு நாறுகிறது என்று முகம் சுளிக்கிறாள் என்று நினைத்தேன். கயிற்றை அவர் அக்குளில் சுற்றிக் கட்டினாள். நாங்கள் மூன்று பேரும் கரையிலிருந்து இழுத்தோம். வெகுநேரம் இழுத்தோம். தண்ணீர் அவர் தாடையைத் தொட்டபிறகுதான் சேறு விட்டது.

வேட்டி சேற்றோடு போய்விட்டது. கடைக்காரர் நடை நடக்கிற என் அத்தான், கோவணத்தோடு, பிறந்த பிள்ளை மாதிரி வழுவழுவென்று கரையில் கிடந்து வாந்தி எடுத்தார். அந்நியப் பெண்கள் இரண்டு பேர் உமரிச் செடியைப் பிடுங்கி அவரைத் துடைத்தார்கள். நான் திரும்பிக்கொண்டேன்.

"எந்த ஊரு ஆளுலே நீ?" என்றார் பெரியவர்.

"உப்பளம்" என்றேன் நான்.

"அதானே பாத்தேன். உப்புக்காரன் புத்தி! தரை வெளுத்துக் கெடந்தா ஒங்க அப்பன் வீட்டுப் பாத்தியா? இந்தச் சேறு பறவையத் தாங்கும், மனுசனத் தாங்காது." கண்ணிகளைப் பார்த்துவிட்டார். ஒவ்வொன்றாக அவிழ்த்து உயிரோடு இருந்ததையெல்லாம் விட்டார். ஒன்று மட்டும் கழுத்து முறிந்து செத்திருந்தது. கடல் பக்கம் கையைக் காட்டினார். "எம் மவன் வள்ளம் இப்பம் வரணும். எதப் பாத்து வருவான்? ஒன்னயவா?"

அப்போதுதான் அத்தான் வாய் திறந்தார். "பிள்ளைக்கு" என்றார். அவ்வளவுதான் வந்தது. மிச்சத்தை நான் சொன்னேன். பால் இல்லாததை, மருத்துவச்சி சொன்ன மூன்று நாளை. பெரியவர் செத்த பறவையை என் முன்னால் போட்டார். தன் தோளில் கிடந்த கட்டம்போட்ட சாரத்தை எடுத்து அத்தான்மேல் எறிந்தார். "செத்தத எடுத்துக்கோ. இதச் சுத்திக்கிட்டுப் போ." தண்ணீர் ஓரமாய்ப் போய் நின்று, கண்மேல் கை வைத்துக் கடலைப் பார்த்தார்.

அவர் மகன் வள்ளம் அன்றைக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தது. அதை மறுநாள்தான் தெரிந்துகொண்டேன்.

சேற்றில் போன அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூப்பு இருக்கும். மாராப்பு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கடல் தண்ணீர் என்றுதான் நினைத்தேன்.

"எத்தன நாள் பிள்ள?"

"இருபத்தஞ்சு."

"எம் பிள்ளைக்கு நாப்பது ஆவப் போச்சு. பாலன் பிறந்த திருநாளுக்கு மறுநாள் குளுரு கண்டு போயிட்டான். எட்டு நாளாச்சு." கையால் நெஞ்சைத் தொட்டாள். "கட்டிக் கெடக்கு. மண்ணுல பீச்சி விடுதேன், எறும்பு மொய்க்குது. பிள்ளய இங்கன தூக்கிட்டு வா. இல்ல, எங்கன வீடுன்னு சொல்லு, நான் வாரேன். ஊறிக் கெடக்கதத் தான குடுக்கப் போறேன். எனக்கும் நோவு தீரும்."

பால் கட்டின மார்போடு அந்த மரத்தில் அவள் குப்புறப் படுத்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் அத்தானைப் பார்த்தேன். அவர் சாரத்தை இடுப்பில் சுற்றிக்கொண்டு, குருசடியைப் பார்த்து நடக்கத் தொடங்கியிருந்தார். "சொல்லுதேன்" என்று மட்டும் அவளிடம் சொல்லிவிட்டு ஓடினேன்.

பாதி வழி வரை அத்தான் முன்னால் நடந்தார். பிறகு, திரும்பாமலேயே சொன்னார். "ஒங்க அக்காகிட்ட சொல்லக் கூடாது."

"எத?"

"எதையும்." கொஞ்சதூரம் போனபின், "பிள்ளயச் சாகக் குடுத்தவ பாலு. அது நம்ம பிள்ளைக்கு ஆவாது" என்றார். அப்படி ஒரு பேச்சு எங்களில் உண்டு. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் பயம் மட்டும்தான் என்று இந்த வயதில் பொய் எழுத மாட்டேன்.

அந்த ஒரு பறவையைச் சுத்தம் பண்ணினால் ஒரு பிடி இருந்தது. மிளகு தட்டிப் போட்டுச் சாறு வைத்தேன். டவுனில் வாங்கினது என்றேன். அக்கா குடித்தாள். இரவு பிள்ளையை மாரில் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். அவன் நாலு தடவை இழுத்துப் பார்த்தான். பிறகு வாயைத் திறந்து வைத்துக்கொண்டே கிடந்தான். அழ முடியவில்லை.

மறுநாள் காலை வெயில் ஏறின நேரம். அத்தான் டவுனுக்குப் போயிருந்தார். நான் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"நேத்து கழிச் சேத்துல விழுந்தாரே ஒரு அண்ணாச்சி, அவுக வீடு எது?"

அவள்தான். ஏழு மைல் நடந்து வந்திருக்கிறாள். பெயர் தெரியாததால் அப்படிக் கேட்டிருக்கிறாள். அதில் கேலி ஒன்றும் கிடையாது. ஆனால் தெரு முழுக்கக் கேட்டது. "எவருளா சேத்துல விழுந்தது? கோவணத்தோடயா?" என்று ஒருத்தி விசாரித்தாள். பக்கத்து வீட்டு மாமியார் எங்கள் வாசலைக் கை நீட்டிக் காட்டிவிட்டு, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

அவள் என் முன்னால் வந்து நின்றாள். முகம் வேர்த்திருந்தது. மாராப்பு அன்றைக்கும் ஈரம். "வள்ளமெல்லாம் வந்து சேந்துட்டு. எங்க மாமனாரு இப்பம் கோவமா இல்ல" என்று முதலில் அதைச் சொன்னாள். "பிள்ள எங்கன?"

தெரு பார்த்துக்கொண்டிருந்தது. அத்தானை அந்தக் கோலத்தில் பார்த்தவள், என்னை அழுத முகத்தோடு பார்த்தவள், இப்போது எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து எங்கள் பிள்ளைக்குப் பால் கொடுக்கப்போகிறாள். அதைத் தெரு ஆயுசுக்கும் பேசும்.

"பால் வந்துட்டு" என்றேன். "நேத்து ராத்திரியே வந்துட்டு. பிள்ள குடிச்சுட்டு ஒறங்குது."

அவள் முகம் எப்படி மலர்ந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. "மாதாவுக்கு ஸ்தோத்திரம்" என்றாள். தன் நெஞ்சை ஒருதரம் குனிந்து பார்த்துக்கொண்டாள். அதைப் பார்க்காத மாதிரி நின்றேன். மடியிலிருந்து ஓலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். "பால் சுறா. கருவாடுதான். எம் பேறுகாலத்துக்குன்னு வச்சிருந்தது, மிச்சம். இதையும் அவிச்சுக் குடு, இன்னும் ஊறும்." தண்ணீர் வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. அவளை நான் எந்த முறை வைத்தும் கூப்பிடவில்லை. அக்கா என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

அவள் திரும்பித் தெருமுனை போவதற்குள் உள்ளேயிருந்து அக்கா கேட்டாள். "யாருளா அது?"

"மீன்காரி."

"என்ன வச்சிருக்கா?"

"ஒண்ணும் இல்லக்கா. வெறுங்கை."

கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் அவள் போய்க்கொண்டிருந்தாள். தோளைக் குறுக்கிக்கொண்டு, கைகளை மார்பின்மேல் கட்டிக்கொண்டு, உப்பளத்து வரப்பில் ஏறினாள். நான் பெருக்குமாற்றை எடுத்து மிச்ச வாசலையும் பெருக்கினேன்.

கொண்டு வந்தவளை அனுப்பிவிட்டுக் கொண்டு வந்ததை மட்டும் வைத்துக்கொண்டேன். கருவாட்டை ஊறவைத்து அவித்து, உதிர்த்து, வெங்காயம் போட்டுப் புட்டு செய்தேன். அத்தான் டவுனில் வாங்கிக் கொடுத்தனுப்பினார் என்று அக்காவிடம் சொன்னேன். "அந்த மனுசன் எங்கயோ அலஞ்சு வாங்கியிருக்காரு பாத்தியா" என்று சொல்லிக்கொண்டே தின்றாள். அவள் தின்னத் தின்ன நான் பிள்ளையின் வாயில் துணியை நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தேன். சாயங்காலம் துணியைச் சப்புவதை நிறுத்திவிட்டான். மருத்துவச்சி சொன்ன மூன்றாம் நாள் விடியும்போது ஆறிப் போயிருந்தான்.

சண்டைக் காலத்தில் துணியும் கிடைக்காது. வீட்டில் கிழிசல் இல்லாமல் இருந்தது அந்தக் கட்டம்போட்ட சாரம் ஒன்றுதான். துவைத்துக் காயப்போட்டிருந்தேன், திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று. அத்தான் அதைக் கொடியிலிருந்து எடுத்து இரண்டாகக் கிழித்தார். ஒரு பாதியில் பிள்ளையைச் சுற்றினார். உடைமரத்துக்குக் கீழே குழி தோண்டினார்கள். மறுபாதி எங்கள் வீட்டில் அடுப்புத் துணியாக வெகுகாலம் கிடந்தது.

தை பிறந்ததும் பாத்தி மிதிக்கக் கூப்பிட்டார்கள். போனோம். வெள்ளை பூக்கிற வரைக்கும் மிதித்தோம். அத்தான் அந்த நாளைப் பற்றி என்னிடம் ஒருதரம்கூடப் பேசாமலே போய்ச் சேர்ந்தார். அக்காவுக்கு அதற்குப்பிறகு பிள்ளை இல்லை. என் பிள்ளைகளை அவள்தான் தூக்கி வளர்த்தாள். ஒவ்வொருத்தனுக்கும் நான் பால் கொடுக்கும்போது எழுந்து வெளியே போய்விடுவாள். நானும் முந்தானையை நன்றாக இழுத்துப் போட்டுக்கொள்வேன். எனக்குப் பால் எப்போதும் மிச்சமாகவே இருந்தது. ஒரு சொட்டும் மண்ணில் விட்டதில்லை. தெருவில் எந்தப் பிள்ளை அழுதாலும் வாங்கிக் கொடுத்தேன், யாரும் கேட்காமலேயே. புண்ணியக்காரி என்றார்கள். நான் மறுக்கவில்லை.

அக்கா போவதற்குப் பத்து நாள் முன்னால், மருந்து கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு எழுந்தேன். கண்ணை மூடியிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"ஏளா" என்றாள். "அன்னைக்கு வாசல்ல ஒரு மீன்காரி வந்தாளே."

"என்னைக்கு?"

"ஒனக்குத் தெரியும்."

நான் மருந்துப் புட்டியை மூடினேன்.

"மீன்காரி வெறுங்கையோடயா வருவா?" என்றாள்.

பதில் சொல்ல அவள் நேரம் கொடுத்தாள். நிறைய நேரம் கொடுத்தாள். வெளியே மகன் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிறகு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். போர்வை தோளிலிருந்து சரிந்துவிட்டது. அதை இழுத்துப் போர்த்திவிட்டு, விளக்கை அணைக்காமல் வெளியே வந்தேன்.